அம்மாவின் சமையலும் அப்பாவின் ரத்தமும்

அண்ணனுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஒல்லியான உடம்பு. ஆனால் இரண்டு குதிகாலுக்கும் மேலே பின்பக்க நரம்பு மட்டும் விரல் பருமனுக்குத் தடித்திருந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் வந்தது என்றுதான் நினைத்திருந்தோம். வலி தாங்க முடியாமல் போனதும் வேலூரில் என் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துப் போனேன். அம்மாவும் கூடவே கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா குதிகால் நரம்பை அழுத்திப் பார்த்தார். பிறகு அண்ணனின் கண்ணிமையை உற்றுப் பார்த்துவிட்டு, அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலையாக இருந்தபோதே மார்வலி வந்து நாற்பத்திரண்டு வயதில் இறந்துவிட்டதைச் சொன்னேன். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், எனக்கும் சேர்த்து. எனக்கு எதற்கு என்று முரண்டு பிடித்தேன். நான் கொடுக்காவிட்டால் தானும் கொடுக்கப் போவதில்லை என்றான் அண்ணன். முப்பத்தெட்டு வயதிலும் அதே பிடிவாதம். மறுநாள் காலை இருவரும் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினோம்.

இருவருக்குமே கெட்ட கொழுப்பு மிக அதிகம். அண்ணனின் குதிகால் நரம்பில் படிந்திருந்ததும் அதுதான்; சிலருக்குக் கண்ணிமையிலும் படியுமாம். அதை ரத்தத்திலிருந்து ஈரல்தான் எடுக்க வேண்டும், சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த வேலை சரியாக நடப்பதில்லை என்று டாக்டரம்மா விளக்கினார். அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும், ஆனால் பயப்பட வேண்டாம் என்றார்.

அம்மா கேட்டாள்:

"நான் எண்ணெ ஜாஸ்தியா ஊத்தி ஆக்குனதாலதான் அவரு போய்ட்டாருன்னு இருந்தேன். அப்டி இல்லியா?"

"சாப்பாடு கொழுப்பைக் கொஞ்சம் ஏத்தும்மா. ஆனா இது அவருக்குப் பொறக்கும்போதே இருந்தது. நீங்க எதை ஆக்கிப் போட்டிருந்தாலும் இருந்திருக்கும்."

அப்பா போன பிறகு அம்மா வீட்டில் கறி சமைத்ததே இல்லை. கேட்டால், வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். நாங்களும் நம்பினோம். இத்தனை வருஷமாக அவள் இதைச் சுமந்துகொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ் வரும்வரை அண்ணன் அவள் கையை விடவே இல்லை.

அந்த வாரமே கணியம்பாடியில் விவசாயம் பார்க்கும் சித்தப்பாவுக்கு அம்மா போன் போட்டாள். காட்டில் பாடுபடுகிறவனுக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும் என்று அவர் சிரித்தார்.

"உங்க அண்ணனும் இப்டித்தான் சிரிச்சிக்கினு இருந்தாரு. நாளைக்கு ஒண்ணும் சாப்டாம வா" என்றாள் அம்மா.

வந்தார். அவருக்கும் இருந்தது. இப்போது அவரும் எங்களைப் போலவே மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் மறந்தாலும் எங்கள் அம்மா திட்டுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.