வரிக்கு மட்டும் பிள்ளையில்லாதவள்

2010ஆம் ஆண்டு பிப்ரவரியில், கார்னிவல் ஊர்வலத்துக்குப் பத்து நாட்கள் இருந்தபோது, ஒடேலியா ப்ரூசாரை முதன்முதலாகச் சந்தித்தேன். வருமானம் குறைந்தவர்களுக்கு வரிப் படிவங்களை இலவசமாக நிரப்பித் தரும் மேசை ஒன்றை, எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் நான் சனிக்கிழமைதோறும் கவனித்துவந்தேன். அவள் கிராஃபிஷ் என்னும் நன்னீர் இறாலை உரிக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். நான்காக மடித்த சம்பளச் சீட்டை மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

“இதுல எரநூத்திப் பன்னெண்டு டாலர் புடிச்சிருக்காங்க, மிஸ் வெர்னா. அத மட்டும் திருப்பி வாங்கிக் குடுத்தாப் போதும்.”

பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன்.

“மூணு இருக்கு. ஆனா வரிக்கு இல்ல.”

“வரிக்கு இல்லைன்னா?”

“வரிக்கு அவங்க எங்கண்ணனோட பிள்ளைங்க.”

இதில் நான் வியப்பதற்கு ஒன்றுமில்லை. படிவத்தில் ஒரு பிள்ளையைக் காட்டினால் வரியில் சலுகையும் கையில் பணமும் கிடைக்கும். கார்னிவல் தொடங்கும் ஜனவரி ஆறாம் தேதி, ராஜா கேக் என்னும் பண்டிகைக் கேக்கை வெட்டும் மாலையில், எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் கேக்கோடு சேர்த்துப் பிள்ளைகளையும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். இந்த ஆண்டு வரிக்கு யார் பேரில் எந்தப் பிள்ளை என்பது, கடைசித் துண்டு தீர்வதற்குள் முடிவாகிவிடும். ஒடேலியாவின் பிள்ளைகளுக்குத் தகப்பன் டெக்ஸஸுக்குப் போனவன், போனவன்தான். அவளும் பிள்ளைகளும் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்யும் அண்ணன் அல்சீடின் வீட்டில் இருந்தார்கள். கொட்டகையில் ஆண்டுக்கு ஐந்து மாதங்களே வேலை. அவளுடைய வருமானம் எட்டாயிரத்துச் சொச்சம். அவ்வளவு குறைவாகச் சம்பாதிப்பவள் மூன்று பிள்ளைகளைக் காட்டினால் அரசாங்கம் சிரிக்கும் என்று அல்சீட் சொல்லியிருந்தான். நான்கு ஆண்டுகளாக மூவரும் அவன் கணக்கில்தான் இருந்தார்கள். அதற்குப் பதிலாக அவன் தங்கைக்கு, பிள்ளைக்கு நூறு டாலரும், ஈஸ்டருக்கு ஒரு மூட்டை கிராஃபிஷும் கொடுத்துவந்தான். நாள் முழுவதும் அதையே உரிப்பவளுக்கு அதுவே பரிசு.

நான் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரே வீட்டிலிருக்கும் இருவர் ஒரு பிள்ளையைக் கோரினால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெற்றவருக்கே முதல் உரிமை. அதுவுமல்லாமல், உழைத்தும் குறைவாகச் சம்பாதிக்கும் பெற்றோருக்கென்றே ஒரு சலுகை இருந்தது.

“இன்னொரு தடவ படிங்க, மிஸ். ‘பெற்றவர்’னே போட்டிருக்கா?”

“அப்படியேதான் போட்டிருக்கு.”

“அது நான்தானே?”

“நீதான்.”

நான்காயிரத்துக்கு மேல் வரும் என்று கணக்கிட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பெக்கான் தெருவில் இரண்டு அறை வீடொன்று வாடகைக்கு இருப்பதாகவும், முன்பணத்துக்காக வீட்டுக்காரி ஜூன் முடியும்வரை காத்திருப்பாள் என்றும் சொன்னாள். அண்ணன் வீட்டில் நால்வருக்கும் ஓர் அறை. ஜோசெட்டுக்குப் பதின்மூன்று வயதாகியும் உடை மாற்றத் தனியிடம் இல்லை.

அண்ணன் படிவத்தை அனுப்பிவிட்டானா என்று கேட்டேன். அவன் இரண்டு வாரமாகக் கடலில் இருப்பதால் அனுப்பியிருக்க முடியாது என்றாள். அவளுடைய படிவத்தைக் கணினி வழியாக அனுப்பினோம். மறுநாளே திரும்பி வந்தது. மூன்று பிள்ளைகளின் அரசு அடையாள எண்களும் வேறொரு படிவத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. அல்சீட் கடலுக்குப் புறப்படுமுன்பே வேலையை முடித்திருந்தான்.

கடலிலிருந்து அண்ணன் திரும்பியிருக்க, அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். அல்சீட் ஏழாம் வகுப்பை என்னிடம் இரண்டு முறை படித்தவன். எனவே தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கத்தினான்.

“நீங்களே சொல்லுங்க, மிஸ் வெர்னா. சோறு போடுறது யாரு? கரண்ட் பில் கட்டுறது யாரு? இவ கடைக்குட்டி, அந்தத் தியோப் பய, ஒரு உக்காரல்ல எட்டு சாசேஜ் தின்றான். எட்டு! எண்ணியிருக்கேன்.”

“எண்ணிக்கிட்டே இருண்ணே. பெத்தது நான்.”

“வளத்தது நான்!”

“அப்படியா? ரெமி எத்தனாவது படிக்கிறான், சொல்லு பாப்போம்.”

அல்சீட் கூரையைப் பார்த்தான். “நாலாவது.”

“அஞ்சாவது.”

“இது போன வருஷத்து வரிதானேடி! போன வருஷம் அவன் நாலாவதுதான்!”

நூலகம் என்பதை மறந்து நானும் சிரித்துவிட்டேன். அதனால் தைரியமடைந்த அவன், உண்மையைச் சொன்னான். வந்த பணத்தில் படகுக்கு மோட்டார் வாங்கிவிட்டான்.

“மாட்டியாச்சு, ஒடி. தண்ணியையும் பாத்திருச்சு. இனிமே கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்.”

சமாதானத்துக்கு வழியொன்று உண்டு என்று நான் சொன்னேன். தாய் விரும்பி விட்டுக்கொடுத்தால், அதிகம் சம்பாதிக்கும் மாமன் ஒரு பிள்ளையைக் காட்டலாம். அவளுக்கு நானூறு போலக் குறையும். அவனுக்கோ ஆயிரத்துக்கு மேல் நிற்கும்.

“அப்ப ஜோசெட்டக் குடு. அமைதியான பொண்ணு.”

“வரித்தாளுக்கு எதுக்குண்ணே அமைதி? தியோவ எடுத்துக்க.”

“தியோவா? முந்தாநாள் என் பூட்ஸுக்குள்ள உசுரோட கிராஃபிஷ விட்டவன் அவன்!”

“வரித்தாளுக்குள்ள விட மாட்டான்.”

“என் பேருக்குக் கீழ அவன் பேரா? மேடையில யாராவது பாத்தா மானம் போயிரும்.” சற்று யோசித்தான். “சரி, குடு. அவனையே குடு.”

விளையாட்டு அதோடு முடிந்தது. ஒடேலியா தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகள் ஓட்டின் முள் குத்திச் சிவந்திருந்தன.

“குடுக்க மாட்டேண்ணே. ஒருத்தரையும் குடுக்க மாட்டேன். நாலு வருஷமா அந்தத் தாளுல நான் மலடி. மூணு பேரும் என் பேருக்குக் கீழ வரிசையா வரட்டும். நானூறு டாலருக்காகச் சொல்லல.”

அல்சீட் தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

“திருத்தி அனுப்புற தாளக் குடுங்க, மிஸ்,” என்றான் கடைசியில். “எழுத்துப் பிழைக்கு மார்க்கு கொறைக்காதீங்க.”

பிறப்புச் சான்றிதழ்களை இணைத்து, அவளுடைய படிவத்தைத் தபாலில் அனுப்பினோம். தபால் படிவங்கள் நத்தையாய் நகரும். அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, “அரசாங்கம் இன்னும் படிச்சு முடிக்கலியா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். மே மாதத்தில் ஒருநாள் மட்டும், வீட்டுக்காரி வேறொருவருக்கு வீட்டைக் காட்டத் தொடங்கிவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜூன் இருபத்து மூன்றாம் தேதி காசோலை வந்தது. அந்த வார இறுதியிலேயே குடிபோனாள். கட்டிலைத் தூக்கிச் சென்றவன் அல்சீட்தான். வாங்கிய பணத்தை அரசாங்கத்துக்குத் தவணையில் திருப்பிக் கட்டிய இரண்டு ஆண்டுகளும், தனக்கு மூன்று பிள்ளைகள் இருந்து போய்விட்டார்கள் என்று படகில் ஏறியவர்களிடமெல்லாம் அவன் குறைபட்டுக்கொண்டான். பக்கத்துத் திருச்சபையில் அவனுக்காக ஒருமுறை பிரார்த்தனையே நடந்துவிட்டது.

அதன்பின் ஆண்டுதோறும் பிப்ரவரியின் முதல் சனிக்கிழமையில் என் மேசைக்கு முதல் ஆளாக ஒடேலியா வருவாள். கையொப்பமிடுமுன், மூன்று பெயர்களையும் என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். காலம் தன் வேலையைச் செய்தது. ஜோசெட் தாதியானாள், தன் வரியைத் தானே கட்டினாள். ரெமி இறால் படகுக்குப் போனான். 2022 முடிவதற்குள் தியோவும் பிள்ளையாகக் காட்டும் வயதான பத்தொன்பதைத் தாண்டி, பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் சம்பளக்காரன் ஆனான்.

அடுத்த பிப்ரவரியில் அவள் வந்ததுதான் கடைசி. கோடையில் மகளோடு வசிக்க லேக் சார்ல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். அன்று கணினித் திரையை என்னோடு சேர்ந்து பார்த்தவள், தன் பெயருக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இந்த எடம் காலியா இருக்கே, மிஸ்.”

இனி அங்கே யாரையும் காட்ட முடியாது என்று விளக்கத் தொடங்கினேன். அவள் கையமர்த்தினாள்.

“தெரியும், மிஸ். பணத்துக்குக் கேக்கல. அரசாங்கத்துக்குப் போறது காலியாவே போகட்டும். எங்கிட்ட ஒரு பிரதி குடுப்பீங்கல்ல, அதுல மட்டும் மூணு பேரையும் எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துல. ஜோசெட்ட மொதல்ல போடுங்க.”