செவலைக்கு ஊற்றிய டானிக்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சேலையூரில் வீடு கட்டிக் குடிபோன புதிது. தெருவிலிருந்து வந்து எங்களோடு ஒட்டிக்கொண்ட செவலை நாய்க்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தாம்பரத்து மாட்டு டாக்டர், ஈரல் கெட்டிருக்கிறது என்று சொல்லி, காலையும் மாலையும் ஊற்ற ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

"அது வாயைப் பிடிச்சு ஊத்தறதெல்லாம் என்னால பாக்க முடியாதும்மா" என்று என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான்தான் அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாயில் அந்தக் கசப்பை இறக்குவேன். அது திமிறி ஓய்கிற நேரத்துக்குச் சரியாக அவர் கேம்ப் ரோடு பேக்கரியிலிருந்து அதற்கு ஒரு பன்னோடு வந்து நிற்பார்.

நாய் பிழைத்துக்கொண்டது. ரோமம்கூட மினுமினுத்தது. ஆனால் டானிக்கை நிறுத்தி எத்தனையோ மாதங்களான பிறகும், என் வளையல் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மீன் துண்டைக் கொண்டுபோனாலும், கீழே வைத்துவிட்டு நான் நகர்ந்தால்தான் தின்னும். ஸ்கூட்டர் சத்தத்துக்கோ கேட் வரைக்கும் பறக்கும்.

அது செத்துப் பல வருஷமாகிறது. "அதுக்கு நான்னா உயிர்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் இன்னமும் பெருமை பேசுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளாவது சிரிஞ்சை அவர் கையில் திணித்துவிட்டு, பன் வாங்க நான் போயிருக்கலாம்.