துரைசானியின் கொடியும் அக்காளின் மாலையும்

பெரிய துரை பங்களாவின் புல்தரையைக் கொத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வெறும் நிலம் எங்கேயும் கிடக்கக் கூடாது, மரவள்ளி நட வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. துரையும் துரைசானியும் தெற்கே ஓடிப்போய் ஒரு வருடமாகிவிட்டது. ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று அவர்களுடைய புல்லைப் புரட்டினோம். வராந்தா ஓரம் தள்ளிவிட்ட பூத்தொட்டிகளில் மூன்றில் மட்டும் கொடி உயிரோடு இருந்தது. கிளமாட்டிஸ்.

அந்தக் கொடிகளை எனக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகன், இங்கிலீஷ் படிக்கிறவன் என்று துரைசானி என்னைக் கூப்பிட்டு, தான் சொல்வதைத் தோட்டக்காரருக்குத் தமிழில் சொல்லச் சொல்வாள். முன்னதாகப் பூக்கும் வகையை வெட்டக் கூடாது, அது பழைய தண்டில் பூப்பது. பின்னால் பூக்கும் வகையைக் குளிர்காலம் முடியும்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், அது புதுத் தளிரில் பூப்பது. எல்லாம் குளிர்நாட்டிலிருந்து வந்தவை. எங்கள் தோட்டத்தில் அவளுக்கு ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. அவளுக்கு வெட்டும் காலம் தெரியவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

இந்த ஊரில் குளிர்காலம் ஏது? ஆனால் தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கின்றனவே, அதுதானே நம் குளிர்காலம்! கண்டுபிடித்துவிட்டேன் என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குதித்தேன். தகரத் துண்டில் எழுதியிருந்ததைப் படித்து, பின்னால் பூக்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன், ஒன்று ஊதா, ஒன்று வெள்ளை. அவற்றை வீட்டுக்குத் தூக்கிவந்தேன், மூன்றாவதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்போது அக்காளுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ஜப்பான் சிப்பாய்களுக்குப் பயந்து, வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் தைரியமில்லாத காலம். கல்யாணம் வைகாசியில். கோயில் நந்தவனத்தையும் மரவள்ளிக்காகக் கொத்தியாகிவிட்டதால் லயத்து வரிசை வீடுகளில் மிஞ்சிய பூ, ஆட்டுக்கார அத்தையின் வேலியில் நின்ற அரளி மட்டும்தான். அத்தை உறவில்லை, லயத்துக்கே அத்தை. அரளி இலையைத் தின்று அவள் ஆடு ஒன்று செத்திருந்தது. அப்படியும் அக்காள் கல்யாணத்துக்காகத்தான் அத்தை செடியை வெட்டாமல் வைத்திருந்தாள்.

மாசியில் இரண்டு கொடிகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். ஒரு வாரத்தில் தளிர் சீறிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் நேரே அத்தையிடம் ஓடினேன்.

"அத்தை, அரளிய வெட்டிப் போடுங்க. அக்காவுக்கு ஊதாப்பூ மாலை வரப்போவுது."

"மெய்யாலுமா தம்பி? பொறவு பூ இல்லேன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாதுலா."

"நிக்கமாட்டேன்."

அன்றைக்கே அவள் அரளியை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் மரவள்ளி நட்டுவிட்டாள்.

அக்காள் மட்டும் தினம் வந்து கொடியைப் பார்த்தாள். "டேய், பூக்குமாடா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னாடி வெறுங்கழுத்தோட நிக்க முடியாது."

"பூக்கும்க்கா. லேட்டாப் பூக்குற ஜாதி. படிச்சிருக்கேன்ல?"

சித்திரையில் கொடி கூரையைத் தொட்டது. இலை, இலை, மேலும் இலை. ஒரு மொட்டு இல்லை. இரவிலும் வியர்த்துக் கொட்டும் ஊரில் அந்தக் கொடிக்கு எந்தக் குளிர் முடிந்தது, எதற்காக அது பூக்கும்? ரப்பர் மரம் இலை கொட்டுவது வறட்சியால், குளிரால் அல்ல. இது எனக்கு உறைத்தபோது கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. நாளைக்கு மொட்டு வரும், நாளைக்கு வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அம்மாவே துளசியையும் குரோட்டன் இலையையும் வைத்து மாலை கட்டினாள். மாரியம்மன் கோயிலில் மாப்பிள்ளையின் தாயார் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பூவே இல்லியா?"

அப்பா என்னைப் பார்த்தார். ஆட்டுக்கார அத்தைதான் சொன்னாள், ஊருக்கே கேட்கும்படி: "பூவெல்லாம் தம்பி இங்கிலீஷ்ல பூக்க வெச்சிருக்கு. பொண்ணக் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லுங்க, என் ஆடு பாத்துச்சுன்னா மாலைய விடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அக்காள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் சமையல் அடுப்புப் பக்கம் போய்ப் புகைக்குள் நின்றுகொண்டேன், கண்ணைத் துடைக்க ஒரு காரணம் வேண்டுமே. இன்றைக்கும் லயத்தில் யாராவது "தம்பி, மொட்டு வந்திச்சா?" என்று கேட்டால் காது எரிகிறது.

புறப்படும்போது அக்காள் திட்டவில்லை. "தாலி பெருக்கிப் போட வருவேன்லடா, அன்னிக்காச்சும் ஒரு பூ" என்றாள். அதுதான் தாங்கவில்லை. புதுத் தாலியை மஞ்சள் கயிற்றிலிருந்து பிரித்துக் கோர்க்கிற அந்தச் சடங்கு ஐப்பசியில் வரும். அன்றைக்கும் பெண் கழுத்தில் மாலை விழ வேண்டும்.

போன வாரம் விறகுக்குப் போனபோது காட்டோரம் ஆற்றங்கரையில் ஒரு கொடி பார்த்தேன். இலைக்காம்பையே சுருட்டிக் குச்சியைப் பிடித்து ஏறுகிறது, துரைசானியின் கொடி ஏறுவதுபோலவே. பூவும் இருந்தது. நாலே இதழ், தடித்தது, உள்ளே கறுத்த ஊதா. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் புழுக்கத்திலேயே பூத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய், அதன் கிளை ஒன்றை வளைத்து, கணுவை மண்ணில் புதைத்துக் கல் வைத்துவிட்டு வரப்போகிறேன். வேர் விட்ட பிறகுதான் வெட்டுவேன். அது பூக்காமலும் போகலாம். அதனால் அதற்கு முன்னால் ஆட்டுக்கார அத்தையிடம் போய், எந்தத் தோட்டத்தில் இன்னும் அரளி நிற்கிறது என்று கேட்க வேண்டும். அவள் சிரிப்பாள். நின்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.