மேவிஸ் பெல்லிங்கின் துணிக்கொடி

டில்காம் கிராமத்தில் அந்த நாளில் எல்லார் வீட்டிலும் ரேடியோ இருந்தது. காலையில் ஒரு கனத்த குரல் தென் இங்கிலாந்து முழுவதற்கும் சேர்த்து ஒரே மூச்சில் வானிலை சொல்லி முடிக்கும். ஆனால் குன்றுக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால் ரேடியோவைக் கேட்ட கையோடு பெண்கள் வாசலுக்கு வந்து சந்து முனையைப் பார்ப்பார்கள். அங்கே மேவிஸ் பெல்லிங்கின் தோட்டம். அவள் கொடியில் பெரிய படுக்கை விரிப்புகள் தொங்கினால் அன்றைக்கு மழை இல்லை. காலுறையும் கைக்குட்டையும் மட்டும் தொங்கினால் கையில் குடை இருப்பது நல்லது. கொடி வெறுமையாக இருந்தால் பேச்சே வேண்டாம்.

இந்த வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. மேவிஸிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவள் முகம் சிவந்து உள்ளே போயிருப்பாள். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பெரிய மாளிகையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தவள். அங்கே தலைமை வண்ணாத்தி வானத்தைப் பார்க்காமல் ஒரு துண்டைக்கூட வெளியே விடமாட்டாள். மாளிகை விலைபோன பிறகு மேவிஸ் ஊர் மதுவிடுதியின் விரிப்புகளையும் பாதிரியாரின் அங்கிகளையும் வீட்டில் வைத்தே வெளுத்தாள். கணவன் லென் இறந்த பின் அவள் வாயிலிருந்து வருகிற சொற்கள் இன்னும் குறைந்தன. கொடிதான் ஊரோடு பேசியது.

அந்தக் கோடையை நினைத்தால் இன்றைக்கும் டில்காம்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். காலையில் கம்பளிச்சட்டை, பகலில் கைவைக்காத சட்டை, சாயங்காலம் மழைக்கோட்டு. தேவாலயத் திடலில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் தேநீர் குடிக்க ஓடுவதும் திரும்பி வருவதுமாகவே இருந்தார்கள். தகைவிலான் குருவிகள் தாழப் பறந்தால் மழை என்பார்கள். அந்த வருஷம் அவை தாழப் பறந்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்கு முன் சலவை அறையின் கல்தரை வியர்க்கும்; அதையும் மேவிஸால் நம்பியிருக்க முடியவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவளை ஏமாற்றாமல் இருந்தது: பள்ளத்தாக்கில் போகிற காலை ரயில். அதன் சத்தம் வேலிக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி கேட்டால் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது, சாயங்காலத்துக்குள் மழை. கேட்காவிட்டால் பயமில்லை. அந்தச் சத்தத்துக்காகவே காலையில் அவள் ரேடியோவைத் தொடமாட்டாள். இது யாருக்கும் தெரியாது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேவிஸ் தோட்டத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஒரு புறா மட்டும் கூவிக்கொண்டிருந்தது. ரயில் சத்தம் இல்லை. மதுவிடுதியின் விரிப்புகள் அத்தனையையும் பிழிந்து கொண்டுவந்து கொடி முழுக்கப் பரப்பினாள்.

சந்து வழியாகச் சிரில் டப்பன் டிராக்டரில் போனார். குன்றின் அடியில் சின்னப் பண்ணை, கொஞ்சம் பசுக்கள். சின்ன வயசில் மேவிஸோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். முதல் வயலின் புல்லை அந்த வருஷ மழை அழுகவைத்துவிட்டது. மிச்சம் நீளவயல் ஒன்றுதான். அதை அறுத்துப் புரட்டிக் காயப்போட்டிருந்தார். அதுவும் போனால் குளிர்காலத்துக்குத் தீனி கிடையாது, பசுக்களை விற்க வேண்டியதுதான் என்று ஊரே பேசிக்கொண்டது. அவர் கொடியைப் பார்த்தார். தொப்பியைத் தூக்கினார். போய்விட்டார்.

சற்றுப் பொறுத்து மேவிஸ் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் வாங்க ஐவி ஹாப்லினின் கடைக்குப் போனாள். ஐவி கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"வாடி மேவிஸ். உன் கொடியப் பாத்துட்டு நானும் ரெண்டு கம்பளத்தத் தொங்கவிட்டுட்டேன். சிரில் இப்பத்தான் புகையிலை வாங்கிட்டுப் போறாரு. புல்லு அடியில இன்னும் லேசா ஈரமா இருக்காம். இன்னிக்குக் கட்டுக் கட்டுனா சூடேறித் தீப்பிடிச்சுக்குமாம். 'மேவிஸ் விரிப்புப் போட்டுட்டா, நாளைக்குக் கட்டிக்கலாம்'னு சீட்டி அடிச்சுட்டே போறாரு, மனுஷன்."

மேவிஸ் தலையை ஆட்டினாள்.

"என் தங்கச்சி இன்னிக்கு வர்றதா இருந்துச்சு," என்று ஐவி தொடர்ந்தாள். "எங்க வர்றது? ரயில்காரங்க வேலைநிறுத்தம். ராத்திரியிலேர்ந்து ஒரு வண்டி ஓடல. ரேடியோவுல கத்துறான். நீ கேக்கலயா?"

மேவிஸ் வாங்கிய நீலத்தைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். நாக்கில் விரலைத் தொட்டு உயர்த்தினாள். ஈர விரலில் தென்மேற்குப் பக்கம் குளிர்ந்தது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. குன்று கைக்கெட்டுகிற தூரத்துக்கு நெருங்கி வந்து, அதன் மேல் மேய்கிற ஒவ்வோர் ஆடும் தனித்தனியாகத் தெரிந்தது. மழைக்கு முன்தான் குன்று அப்படித் தெரியும்.

வீட்டுக்கு ஓடினாள். அரைகுறையாகக் காய்ந்த விரிப்புகளை வெடுக் வெடுக்கென்று உருவினாள். கிளிப்புகள் புல்லில் சிதறின. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது.

"என்ன மேவிஸ், இந்த வெயில்லயா?"

கடைசி விரிப்பையும் உருவிச் சுருட்டினாள். கூடையைப் போட்டுவிட்டு நடந்தாள். கொடி பேசிவிட்டது, சந்துக்கு அது போதும். ஆனால் நீளவயலிலிருந்து பார்த்தால் கொடி தெரியாது. அங்கே வாயால்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தாள். வயல் கதவைத் தொட்டதும் எல்லாம் கலைந்தது.

சிரில் வேலியடியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார். காய்ந்த புல் வயல் முழுக்க நீள நீளமாகக் கிடந்தது.

"மேவிஸா! வழி தப்பி வந்துட்டியா?"

"மழை வருது, சிரில்."

அவர் மேலே பார்த்தார். "எங்கேர்ந்து? உன் ஏப்ரன் பையிலேர்ந்தா?"

"நான் தப்பாப் போட்டுட்டேன். விரிப்ப."

"துணி காயப்போடுறதுல என்னம்மா தப்பு?"

"ரயில் சத்தம் கேக்கலன்னு போட்டேன். ரயிலே ஓடலயாம்."

சிரில் மெல்லுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். "இத்தன வருஷமா நீ ரயிலக் கேட்டுத்தான்…?" அவர் தோள்கள் குலுங்கின. "நாங்க எல்லாம் நீ ஏதோ ஆண்டவரோட நேரா பேசுறேன்னு நெனச்சோம்!"

"சிரிக்காத, சிரில். காத்து திரும்பிடுச்சு. இன்னிக்கே உள்ள கொண்டுபோகணும்."

"ஈரத்தோட கட்டுக் கட்ட முடியாது. கொட்டகையே எரிஞ்சுரும்."

"கட்ட வேணாம். உதிரியாவே அள்ளிப் பரப்பிப் போடு. உங்கப்பா போடுவாரே."

அவர் எழுந்து நின்றார். வயலின் அந்தக் கோடிவரை பார்த்தார். ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர், இரண்டு கைகள். ரேடியோ நாளை வரை வறண்டிருக்கும் என்றது. அவளோ தன் வாயாலேயே தான் தப்புச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். தப்புச் செய்தவளின் இரண்டாவது பேச்சை நம்புவதா? மேவிஸுக்கு அது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

"புல் அள்ளுற கவைக்கோல் ரெண்டு கொட்டகையில இருக்கு," என்றார் கடைசியில். "துருப்பிடிச்சுக் கெடக்கும். எடுத்துட்டு வா."

அவள் எடுத்து வருவதற்குள் வயல் கதவில் ஆள்கள். சந்தே வந்திருந்தது. ஐவி கடையை அப்படியே போட்டுவிட்டு ஏப்ரனோடு வந்தாள். மதுவிடுதிக்காரர் தோட்டத்துச் சருகு வாரிகளைத் தோளில் சுமந்து வந்தார். "மேவிஸ் ஈரத்துணிய உருவிட்டு ஓடுனா நாங்க சும்மாவா இருப்போம்?" என்றாள் ஐவி. "என் கம்பளத்தக்கூட எடுக்கல, தெரியுமா?"

அன்றைக்கு எல்லாரும் அள்ளினார்கள். ஒருவர் வாரினார், ஒருவர் குத்தித் தூக்கினார், பாதிரியார் டிரெய்லர் மேல் நின்று மிதித்தார். புல்தூசி கழுத்தில் ஒட்டி அரித்தது. யாரோ ஆப்பிள் மது கொண்டுவந்தார்கள், ஒரே குவளை கை மாறிப் போயிற்று. மேவிஸ் வரிசையின் நடுவில் நின்றாள். இருபுறமும் ஆள் நிற்க, தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்து அவளுக்கு எத்தனையோ காலமாகிவிட்டது. ஐவி கேலி செய்யும்போது அவளும் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐவியே திரும்பிப் பார்த்தாள்.

தேநீர் வேளைக்குக் குன்றின் தலையில் சாம்பல் நிறம் ஏறியது. கடைசிக்கு முந்திய வண்டி கொட்டகைக்குள் நுழையும்போது முதல் துளிகள் விழுந்தன, பெரிய பெரிய துளிகள். அப்புறம் கொட்டிய மழையில் குன்றே தெரியவில்லை. எல்லாரும் கொட்டகைக் கூரையின் கீழ் நெருக்கியடித்து நின்றார்கள். வயலின் கோடியில் ஒரு பட்டை மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

"அது போகட்டும்," என்றார் சிரில். "பசுங்களுக்குப் பஞ்சமில்ல." தொப்பியைக் கழற்றி, பிழிந்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் மேவிஸின் கதவு தட்டப்பட்டது. வானிலைக்காக அவள் கதவை யாரும் தட்டியதே இல்லை. சிரில் நின்றார்.

"அந்தக் கோடிப் பட்டையப் புரட்டட்டுமா, வேணாமா?"

மேவிஸ் அவர் தோளுக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பஞ்சு, நடுவில் எதற்கும் கட்டுப்படாத ஒரு கறுப்பு.

"தெரியல, சிரில்."

"எனக்குந்தான் தெரியல. வெளிய வா. ரெண்டு பேரும் நின்னு பாப்போம்."

அவள் சால்வையை எடுத்துக்கொண்டு வாசற்கதவு வரை வந்தாள். கடைக்குப் போகிற வழியில் ஐவியும் வந்து நின்றுகொண்டாள். மேகம் குன்றுக்கு இந்தப் பக்கம் வருமா அந்தப் பக்கம் போகுமா என்று மூவரும் வெகுநேரம் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கோடைகள் வந்தன. மழையே இல்லாத கோடைகள். ஆனால் மேவிஸ் மனத்துக்குள் திரும்பிப் போகிற கோடை, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அந்த ஒன்றுதான்.