பனைமேல் இருந்த பெரியவங்க

சவுரியம்மாளின் புருஷன் மாசிலாமணி பனை ஏறினால் ஆகாயம் கொஞ்சம் தள்ளி நின்று வழிவிடும். அவனே சொன்னதுதான். கிளியனூர்ப் பனை உச்சியிலிருந்து பார்த்தால் புதுச்சேரியில் மீன் விற்பவளின் மூக்குத்திக்கு எத்தனை கல் என்று தெரியுமாம். ஒருமுறை நிலா மட்டையில் சிக்கிக்கொண்டு தவித்தபோது, இவன்தான் ஏறி விடுவித்தானாம்.

“அப்டியே ரெண்டு நட்சத்திரம் பறிச்சாந்திருந்தா அடுப்புக்கு ஆயிருக்கும்யா” என்பாள் சவுரியம்மாள், கேப்பைக் கூழைக் கரைத்தபடி.

அவர்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பனையில் கூடு கட்டும் கதண்டை யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். குளவிக்குப் பெரியண்ணன் அது. பேரைச் சொன்னால் காதில் விழுந்து வந்துவிடும் என்று பயம். அதனால் ‘பெரியவங்க’ என்பார்கள். நிலமும் பனையும் வைத்திருந்த பாண்டுரங்கனையும் ‘பெரியவங்க’ என்றே சொன்னார்கள். இரண்டும் கொட்டுகிறவைதானே என்று யாரும் பேதம் பார்க்கவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலை. கோயிலுக்கு ஓலை கொண்டுவருவதாக மாசிலாமணி வாக்குக் கொடுத்திருந்தான். பாண்டுரங்கனோ, “குருத்துல எவன் கத்தி வெச்சாலும் தோலை உரிச்சிடுவேன்” என்று போன வருஷமே கத்தியிருந்தார். கேட்டால் கிடைக்காது, கேட்காமல் ஏறினான். சவுரியம்மாள் ஆட்டை மரத்தடியில் கட்டிவிட்டு, ஓலையை வாங்கிக் கட்ட விலகி நின்றாள்.

காற்றில் ஒரு மட்டை புரண்டது. அதன் அடியில் பானை அளவு கூடு.

“யோவ், பெரியவங்க இருக்காங்கய்யா! பெரியவங்க! இறங்கு!”

மாசிலாமணி சட்டென்று அசையாமல் நின்றான். கீழே பார்த்து வாயில் விரல் வைத்தான். சரி, கூட்டைப் பார்த்துவிட்டான், சத்தம் வேண்டாம் என்கிறான் என்று நினைத்து அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவன் மெல்ல, கீழிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி, மட்டைகளை விலக்கி உள்ளே ஒடுங்கினான்.

முதுகு கூட்டில் இடித்தது.

அவன் இறங்கவில்லை, சறுக்கி விழுந்தான். மார்புத் தோல் மரத்தில் தங்கிவிட்டது. தலை, கழுத்து, கண் இமை எங்கும் கறுப்பாய் அப்பியிருந்தன. புடவையை உருவி அவன்மேல் போர்த்தி அவள் இழுத்தாள். அவளையும் கொட்டின. கட்டிக் கிடந்த ஆடு கயிற்றின் நீளம்வரை சுற்றிச் சுற்றி ஓடி, மரத்தடியிலேயே செத்தது.

அலறல் கேட்டு ஓடி வந்தவர் பாண்டுரங்கன். தோலை உரிக்கவில்லை. தன் வண்டியைப் பூட்டி, தானே ஓட்டினார்.

திண்டிவனம் போகும் வழியில் மாசிலாமணியின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. அவள் காதைத் தேடி முணுமுணுத்தான்:

“சவுரி… பெரியவங்க போயிட்டாங்களா? ஒளிஞ்சிக்கினு கெடந்தேனே, பார்த்துட்டாரா?”

சவுரியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. முன்னால் உட்கார்ந்து மாட்டை விரட்டிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்தாள்.

“போயிட்டாருய்யா” என்றாள். “பார்க்கவே இல்ல.”

ஆஸ்பத்திரியில் அவனுடைய சிறுநீர் கறுத்துப் போயிற்று. ரெண்டு மூணு கொட்டென்றால் தாங்கலாம், இத்தனை விஷம் ரத்தத்தைக் கெடுத்து மூத்திரக்காயையும் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பெரிய வெள்ளி வரும் முன்பே அவனைப் புதைத்தார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து பாண்டுரங்கன் கோயிலுக்கு வண்டி நிறையக் குருத்து அனுப்பினார். எல்லோரும் ஏந்திப் போனார்கள். சவுரியம்மாள் வெறுங்கையோடு நடந்தாள்.

மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை பறிக்கும்போது எவனாவது பனையில் கால் வைத்தால், களையை விட்டு எழுந்து நின்று அவள் கத்துவாள்: “கதண்டு இருக்குதா பாருடா! கதண்டு! கதண்டு!”

“பேரைச் சொல்லாதடி, வந்துடப் போவுது” என்று கூடக் களை பறிக்கும் அஞ்சம்மாள் வாயைப் பொத்த வருவாள்.

“வரட்டும்டி” என்பாள் சவுரியம்மாள். “வர்றது யாருன்னு மேல இருக்கறவனுக்குத் தெரியட்டும்.”