பட்டி பிரித்த மழைக்கோட்டு

கோல்ஃப் எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ விளையாட்டு வெறியில் செய்த காரியம் என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக்கூடும். மைன்ஸில், அதாவது கரிச் சுரங்கத்தில், ஃபோர்மேனாக இருந்து நாற்பத்தாறு வயதில் ஆபீசர் ஆனவன் நான். புதிதாக வந்த மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பை ஒட்டிய மைதானத்தில் கோல்ஃப் ஆடுவார் என்று தெரிந்ததும், யாரிடமோ பழைய மட்டை இரண்டை இரவல் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். யாரும் கூப்பிடவேயில்லை, நானேதான் போனேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். இடி மின்னல் இருந்தால்தான் திரும்புவார். முதல் ஞாயிறு நான் பைக்கில் போகப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மெயின் பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் சமாச்சாரம். உள்ளே வேர்த்து ஊற்றியது. கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் சேர்ந்து மேலே ஏறியது. எல்லாவற்றையும்விட அதன் சத்தம்! அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துப் பந்தைக் குழியை நோக்கித் தட்டப்போகிற நேரத்தில் நான் மூக்கைச் சொறிந்தேன். சரசரவென்று ஒரு சத்தம். பந்து தள்ளிப் போய்விட்டது. அவர் என் கோட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஒரு வாரம் தூங்கவில்லை.

அடுத்த லீவில் பாண்டிச்சேரி போய் விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கென்றே மழை உடை இருக்கிறது. துணி மெத்தென்று இருக்கும், சத்தம் போடாது, தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கும். கண்ணாடி முன்னால் நின்று மட்டையில்லாமல் கையை வீசிப் பார்த்தேன். தோளுக்குச் சரியாக இருந்தது வயிற்றில் பூட்டவில்லை. வயிற்றில் பூட்டியது கை முழுவதையும் விழுங்கிவிட்டது. அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னைப் போல குட்டையும் தொந்தியுமாக ஒரு மனுஷன் இருப்பான் என்றே தெரியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும் ஓரளவுக்கு அமைந்தது. காலரில் தொங்கிய விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைப்பெண்ணைப் பார்த்து ஒரு இளிப்பு இளித்துவிட்டு, மெதுவாகத் திரும்ப மாட்டினேன்.

அந்த வாரம்தான் டிபார்ட்மென்டில் மழைக்கோட்டு கொடுத்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் இது எழுதாத சட்டம். பர்மனென்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற பூட்ஸ், துண்டு, மழைக்கோட்டு எதுவாக இருந்தாலும் அவரவர் சொந்தத்தில் யார் கான்ட்ராக்டில் இருக்கிறாரோ அவருக்குத்தான் போகும். குவார்ட்டர்ஸ் வாசலில் அந்தப் பையை வாங்கிக்கொண்டு போகிறவர்களை மழைக்காலத்தில் எல்லா பிளாக்கிலும் பார்க்கலாம். என் கோட்டு என் அக்கா வீட்டுக்காரருக்குப் போகும். கம்மாபுரம் பக்கம் வீடு. கரி ஏற்றிப் போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிறதை மண்வாரியால் அள்ளிப் போடுகிற வேலை மாமாவுக்கு. அவருடைய கான்ட்ராக்டர் ஒரு மெல்லிசு பிளாஸ்டிக்கைக் கொடுப்பார், இரண்டு நாளில் நார் நாராகப் போய்விடும். ஆனால் மழை நாளில் பளபளக்கிற பட்டி வைத்த கோட்டு இல்லாமல் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். வண்டி ஓட்டுகிறவன் கண்ணுக்கு ஆள் தெரிய வேண்டுமே. கோட்டு இருந்தால் வேலை, இல்லாவிட்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமாவின் பழைய கோட்டில் பட்டி உரிந்து, ஒரு கை பிய்ந்து போய்விட்டதென்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை.

பையைப் பிரித்துச் சும்மா போட்டுப் பார்த்தேன். அடடா! இந்த முறை வேறு ரகம். பாண்டிச்சேரிக் கடையில் பார்த்த அதே மெத்தென்ற துணி, கருநீலம். ஹாலில் நின்று கையை வீசினேன். ஒரு சத்தமில்லை. தோள் பிடிக்கவில்லை, வயிறு பூட்டியது, கை மணிக்கட்டோடு நின்றது. எனக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நெஞ்சிலும் கையிலும் வெள்ளிப் பட்டி, முதுகில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு பட்டி. அது மட்டும்தான் கோல்ஃபுக்கு ஒத்துவராதது.

பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னங்க, அது அண்ணனுக்குப் போற கோட்டாச்சே?" என்றாள் என் மனைவி. மாமாவை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள்.

"அவருக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"என்னா ஏற்பாடு?"

"நீ போய் வேலையப் பாரு."

போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தையலப் பிரிச்சா ஊசி ஓட்டையில தண்ணி எறங்காதா?" என்று கேட்டாள். இவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எரிந்து விழுந்தேன். பட்டிகளைப் பிரித்துக் குப்பையில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமா போன் செய்தார். அவர் சுற்றி வளைத்துத்தான் பேசுவார். என் மகள் பரீட்சையை விசாரித்தார், என் முட்டிவலியை விசாரித்தார். பிறகு, "கோட்டு எதுனா குடுத்தாங்களா மச்சான்?" என்றார்.

"இன்னும் இஷ்யூ ஆகல மாமா."

"சரி சரி. வரப்ப வரட்டும். பட்டி இல்லன்னுட்டு கேட்ல நிறுத்திப்புட்டானுங்க, அதான் கேட்டேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வாரம் தந்துவிடுவார்கள் என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோட்டு என் கண்ணெதிரே ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நான் கிட்டத்தட்ட சந்தோஷமாகப் போனேன் என்று எழுதக் கை கூசுகிறது. மேலதிகாரி, நான், இன்னும் இரண்டு பேர். முதல் அடியே எனக்கு நேராகப் போனது.

"நல்லா இருக்கே இது. எங்க வாங்குனீங்க?" என்றார் மேலதிகாரி, என் தோளைத் தொட்டு.

"மெட்ராஸ்ல சார்."

"ஃபிட்டிங் பிரமாதம்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாலாட்டாத குறைதான். மூன்றாவது குழி வரைக்கும் அந்தப் பெருமை தாங்கியது. நான்காவதில் முதுகில் ஜில்லென்று ஏதோ இறங்கியது. பிறகு நெஞ்சில். பிறகு இரண்டு கையிலும். என் மனைவி சொன்னது அப்படியே நடந்தது. பட்டி இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஊசி ஓட்டை வரிசையாக இருந்தது, ஒவ்வொன்றிலும் மழை சொட்டு சொட்டாக உள்ளே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்தேன். கிளப் வராண்டாவில் எல்லோரும் கோட்டைக் கழற்றினார்கள். நான் மட்டும் கழற்றாமல் நின்றால் நன்றாக இருக்குமா? கழற்றினேன்.

வெளிர்நீலச் சட்டை. நெஞ்சில் குறுக்கே ஈரக்கோடு, கையில் வளையம் மாதிரி ஈரக்கோடு. முதுகை நான் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் பார்த்தார். மைன்ஸிலேயே இருபது வருஷம் இருந்தவர் அவர்.

"சார், முதுகுல பெருக்கல் குறி போட்டிருக்கு! மெட்ராஸ்லயும் நம்ம டிபார்ட்மென்ட் கோட்டுதான் விக்கிறாங்களா?"

சிரித்தார்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை, டீயை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் முகத்தில் ஈயாடவில்லை. தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அதுதான் என் வாழ்க்கையின் பெரிய அவமானம் என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஷிப்டில், பையன்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற ஒரு சீனியரிடம் கோட்டு கிடைக்குமா என்று கேட்டேன். பீரோவைத் திறந்து, பிரிக்காத பையை எடுத்து நீட்டினார். "எனக்கு யார் இருக்கா குடுக்க? எடுத்துக்கோ" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை முந்தைய வாரமே செலவழித்திருக்கலாம். கேட்கத் தோன்றவேயில்லை எனக்கு, அதுதான் கொடுமை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் வண்டியை நிறுத்துவதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாடா ஒனக்கு? ஏழு நாளா கேட்லேர்ந்து திருப்பித் திருப்பி அனுப்பிக்கினு கெடக்கறான். மனுஷன் போறதும் வரதுமா இருக்காரு. நேத்து ஞாயித்துக்கெழமகூட வூட்ல ஒக்காராம எங்கயோ வாய்க்கா அள்ற வேலைக்குப் போயி, தொப்பலா நனைஞ்சிகினு வந்தாரு. ராத்திரி பூரா இருமல்."

"ஏ, சும்மா இரேன். புள்ள இப்பதான வந்து நிக்குது" என்றார் மாமா.

"இன்னைக்குத்தான் இஷ்யூ ஆச்சு மாமா" என்று பையை நீட்டினேன்.

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை இரண்டு கையாலும் வாங்கினார். அங்கேயே பிரித்துப் போட்டுப் பார்த்தார். அந்த சீனியர் வாட்டசாட்டமான ஆள். மாமாவுக்குத் தோள் இறங்கித் தொங்கியது, விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"லூஸா இருக்கே மாமா" என்றேன்.

"எனக்கு என்னாத்துக்கு மச்சான் அளவு? மடிச்சி வுட்டுக்கினா ஆச்சி. பட்டி இருக்குதில்ல, அது போதும்." கையை இரண்டு மடிப்பு மடித்து அக்காவிடம் காட்டினார். அக்காவின் கோபம் இறங்கிவிட்டது. டீ போட்டாள். நாளைக்கு அவர் வேலைக்குப் போவார் என்கிற நிம்மதி அவள் பேச்சில் தெரிந்தது. தப்பித்துவிட்டோம் என்று ஒரு ஓரத்தில் நினைத்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது மாமா வண்டி வரைக்கும் கூட வந்தார். திரும்பிப் பார்த்து, அக்கா உள்ளேதான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டார்.

"அது ஒனக்கு நல்லா அமைஞ்சிருந்துது மச்சான்" என்றார் மெதுவாக.

"எது மாமா?"

"அந்தக் கோட்டு. நீ கைய வீசறப்ப தோள்ல ஒரு சுருக்கம் வுழல. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துது."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார்.

"எங்க மாமா நின்னீங்க?" என்றேன், எப்படியோ.

"அந்தப் புல்லு மைதானத்துலதான் வாய்க்கா அள்ள வுட்டாங்க. நீ வரத பாத்தேன். பெரிய பெரிய ஆளுங்களோட பேசிக்கினு வந்த. நான் இந்தக் கோலத்துல எதுர்ல வந்தா ஒனக்குச் சங்கட்டமா இருக்குமேன்னுட்டு, நீங்க தாண்டிப் போற வரைக்கும் பம்பு ரூம் பின்னாடி நின்னுக்கினேன்." கொஞ்சம் இருமினார். "ஒங்கக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்."

அப்போதாவது அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும், மன்னிச்சிடுங்க மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். "சரி மாமா" என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.