சாய்ந்தது குதிரையல்ல

என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். பந்தயத்தில் கழித்துவிட்ட குதிரை ஒன்றை வாங்கி, சேணம் கட்டி, துரை மாதிரி சவாரி கிளம்பினார். குதிரை இடப்பக்கமே ஒதுங்கியது. என் மகாராஜா அதைச் சவுக்கால் விளாசினார். அது மிரண்டு, கூட்ஸ் வண்டி வருகிற தண்டவாளத்தில் ஏறிவிட்டது. ரயில்வே கேட்காரர் கடிவாளத்தைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றே நான் தாலியறுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, “கோணப் புத்தி புடிச்ச குதிர,” என்றார்.

“குதிர ஒயுங்காத்தான் கீது. நீதான் ஜட்காவுல ஓரமா கால தொங்கவுட்டுகினு குந்துறாப்பல, இதும்மேலயும் இடப்பக்கமா சாஞ்சிகினு கீற,” என்றேன்.

இப்போதெல்லாம் அவர் ஏறியதும் பின்னால் நின்று முதுகைப் பார்க்கிறேன். நிமிர்ந்த பிறகுதான் குதிரையை விடுகிறேன். சவுக்கு என்னிடம் இருக்கிறது. குதிரைக்கு அது தேவைப்பட்டதே இல்லை.